வாசகர் கேட்டவை: ஜன்னல் கண்ணாடியில் ஈரம் ஒற்ற எந்தத் துணி?

கேள்வி: நானும் இரண்டு உதவியாளர்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஜன்னல் கண்ணாடி துடைக்கும் வேலையை எடுத்துச் செய்கிறோம். இதுவரை பனியன் வேஸ்ட் துணியைத்தான் பயன்படுத்தினோம். அதன் பஞ்சு உதிர்ந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறது. கடைக்காரர் ஒருவர், உருளை டப்பாவில் ஈரமாகவே வரும் ஷாமாய் துணியைக் கொடுத்து, ‘இது ஒன்றே போதும்’ என்றார். தண்ணீரை நன்றாகவே உறிஞ்சுகிறது. ஆனால் காய்ந்த பிறகு வெண்கோடுகள் தெரிகின்றன. மைக்ரோஃபைபர் துணிக்கு மாறிவிடலாமா?
– வாசகர், பெருங்குடி, சென்னை

பதில்: கடைக்காரர் சொன்னதில் ‘ஒன்றே’ என்ற சொல்தான் தவறு. நீங்கள் வாங்கியிருப்பது பாலிவினைல் ஆல்கஹால், சுருக்கமாக பி.வி.ஏ., என்ற பொருளால் ஆன ஷாமாய். ஆட்டுத்தோலைப் பதப்படுத்திச் செய்த பழைய ஷாமாயிடமிருந்து பெயரை மட்டும் இரவல் வாங்கிய இது, நெய்த துணியே அல்ல. நுண்துளைகள் ஒன்றோடொன்று இணைந்த மெல்லிய ஸ்பாஞ்ச் தகடு. ஈரமாக இருக்கும்போதுதான் அத்துளைகள் நெகிழ்ந்து நீரை இழுக்கும் என்பதால், நனைத்துப் பிழிந்த பிறகே இதைக் கையில் எடுக்க முடியும். எவ்வளவு முறுக்கிப் பிழிந்தாலும் உள்ளே ஈரம் தங்கியே இருக்கும்; துடைக்கும்போது அதில் ஒரு மெல்லிய படலம் கண்ணாடியில் படிந்துவிடும்.

உப்பில்லாத தண்ணீராக இருந்தால் அந்தப் படலம் சுவடின்றி ஆவியாகிவிடும். போர் தண்ணீரில் கதை வேறு. லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உப்புகள் கரைந்த தண்ணீரில் 5 மில்லிலிட்டர் மட்டும் கண்ணாடியில் தங்கினாலும், காய்ந்தபின் 5 மில்லிகிராம் உப்பு அங்கேயே நின்றுவிடும். மாலை வெயில் சாய்வாக விழும்போது வீட்டுக்காரர் கண்ணில் படுவதற்கு அது தாராளமாகப் போதும். குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500, கரைந்த திடப்பொருள்களுக்கு 500 மில்லிகிராமை ஏற்கத்தக்க வரம்பாக வைத்து, வேறு நீர் கிடைக்காத இடங்களில் 2,000 வரை அனுமதிக்கிறது. ஆகவே குடிக்கத் தகுந்த தண்ணீர்கூடக் கண்ணாடிக்கு ஆகாமல் போகலாம்.

மைக்ரோஃபைபர் நெய்த அல்லது பின்னிய துணி. பாலியஸ்டரும் நைலான் வகையான பாலியமைடும் சேர்ந்த இழையைத் தயாரிப்பின்போதே பல கீற்றுகளாகப் பிளந்து விடுகிறார்கள். ஒவ்வொரு கீற்றும் 1 டெனியருக்கும் மெல்லியது. 9,000 மீட்டர் இழையின் எடை 1 கிராம் என்றால் அதுவே 1 டெனியர். இக்கீற்றுகளின் இடைவெளிகள் நீரை உள்ளே இழுக்கின்றன; இந்தத் துணியை முற்றிலும் உலர்ந்த நிலையிலேயே பயன்படுத்தலாம் என்பதால் பி.வி.ஏ. விட்டுச்செல்லும் ஈரப்படலத்தை இதனால் எடுத்துவிட முடிகிறது. குறையும் உண்டு. ஈரம் ஏற ஏற இதன் வேகம் குறையும், பிழிந்தாலும் பி.வி.ஏ.வைப் போல உடனே பழைய நிலைக்கு வராது. நாள் முழுவதும் ஒரே துணியோடு ஓட்ட நினைத்தால், மூன்றாவது வீட்டில் அது துடைப்பதை விட்டுத் தடவத் தொடங்கிவிடும்.

எனவே மாற வேண்டாம், இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய எட்டோரே ஸ்டெக்கோன் 1936-இல் உருவாக்கிய இலேசான பித்தளை வைப்பர் (ரப்பர் விளிம்பால் கண்ணாடியிலுள்ள நீரை வழித்தெடுக்கும் கைக்கருவி) பரவிய பிறகு, தொழில்முறையில் கண்ணாடி துடைப்பவர்களின் துணிக்குக் கண்ணாடியின் நடுப்பகுதியில் வேலையே இல்லாமல் போயிற்று. வைப்பரை மேலிருந்து கீழே இழுத்து முடித்தால் மிஞ்சுவது ஓரங்களில் நிற்கும் நூல்போன்ற நீர்க்கோடும், கீழ்ச்சட்டத்தில் தேங்கும் தண்ணீரும்தான். சட்டத்திலும் நகரும் கதவின் டிராக்கிலும் தேங்கியதை பி.வி.ஏ.வால் ஒற்றிப் பக்கெட்டில் பிழியுங்கள். அந்த வேலையில் அதை மிஞ்ச ஆளில்லை. பிறகு, உலர்ந்த மைக்ரோஃபைபரை ஆள்காட்டி விரலில் சுற்றி, நான்கு ஓரங்களிலும் ஒரே இழுப்பாக ஓட்டுங்கள். ஒவ்வொரு ஜன்னலுக்கும் விரலடியில் இருக்கும் பகுதியை நகர்த்திக்கொள்ள வேண்டும். டிராக்கைத் துடைத்த துணி, எதுவாக இருந்தாலும், கண்ணாடிப் பக்கம் போகக்கூடாது. அதில் ஏறிய மணல் கீறிவிடும்.

கண்ணாடிக்கென வாங்கும்போது, கார் துடைக்க விற்கும் அடர்ந்த பூந்துவாலை ரகம் வேண்டாம். தட்டையாகவும் நெருக்கமாகவும் நெய்த, சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம் எடையுள்ள துணியே போதும். மலிவானவற்றில் இழை பிளக்கப்படாத வெறும் பாலியஸ்டர் கலந்துவிடுகிறது. கடை மேசையில் ஒரு கரண்டித் தண்ணீரைக் கொட்டி, துணியை அழுத்தாமல் அதன் மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள்: நல்ல துணி நீரைக் குடித்துவிட்டு மேசையை மங்கலாக விட்டுப் போகும், மற்றது நீரை முன்னால் தள்ளிக்கொண்டே ஓடும். கடைக்காரர் தண்ணீர் தர மறுத்தால், உலர்ந்த உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள். பிளந்த இழை தோலின் வெடிப்புகளில் மாட்டி இழுப்பது தெரியும்.

மஞ்சள், ஆரஞ்சு நிறங்களில் தடித்த அட்டைபோல் வரும் விஸ்கோஸ் துணியையும் சிலர் ஷாமாய் என்றே விற்கிறார்கள். விஸ்கோஸ் என்பது மரக்கூழிலிருந்து செய்யும் இழை. தரைக்கு நல்லது, கண்ணாடிக்கு நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: பி.வி.ஏ. துணியை வெயிலில் போட்டேன், அப்பளம்போல் விறைத்துவிட்டது. தூக்கி எறிய வேண்டியதுதானா?
– வாசகி, திருச்சி

பதில்: வேண்டாம். காய்ந்தால் விறைப்பதும் சற்றே சுருங்குவதும் அதன் இயல்பு. தண்ணீரில் போட்டுவைத்தால் மறுபடி துவண்டுவிடும். விறைத்த நிலையில் மடிக்காதீர்கள், மடிப்பில் வெடிக்கும். இனி நிழலில் காயவிடுங்கள். ஈரத்தோடு டப்பாவில் போட்டு நாள்கணக்கில் மூடிவைத்தால் கரும்புள்ளியாகப் பூஞ்சை பிடிக்கும். புதிதில் அப்படிப் பிடிக்காததற்குக் காரணம், ஆலையில் சேர்த்த பூஞ்சைத்தடுப்பு மருந்து. அது சில அலசலில் போய்விடும்.

கேள்வி: மைக்ரோஃபைபர் துணிகளைக் குளியல் துண்டுகளோடு வாஷிங் மெஷினில் போட்டு, வாசனைக்காக கண்டிஷனரும் ஊற்றினேன். இப்போது தண்ணீரை உறிஞ்சவே இல்லை.
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: கண்டிஷனரின் மெழுகுத்தன்மை இழைகளின் மேல் படிந்து இடைவெளிகளை அடைத்துவிட்டது, துண்டின் பருத்திப் பஞ்சும் அவற்றில் சிக்கியிருக்கும். கை பொறுக்கும் சூட்டில் சிறிதளவு சோப்பு நீரில் தனியாக ஊறவைத்து, இரண்டு மூன்று முறை நுரை போக அலசுங்கள். பிளீச்சிங் திரவம் பாலியமைடைக் கெடுக்கும்; இஸ்திரிப் பெட்டியின் சூடு இழை நுனிகளை உருக்கிவிடும். அப்படி உருகிய துணியை மீட்க வழியில்லை. டிராக் துடைக்க ஒதுக்கிவிடுங்கள்.