ஐயெல்ட்ஸ் ஸ்பீக்கிங் தேர்வில் மனப்பாடம் செய்தது போல் தெரியாமல் இயல்பாகப் பதில் சொல்வது எப்படி?

மனப்பாடம் செய்துவிட்டு அது தெரியாமல் பேச வழி இருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் இந்த ஐயெல்ட்ஸ் (IELTS) தேர்வுக்குப் போகிறவர்களுக்குப் பல வருடங்களாகப் பேச்சுப் பயிற்சி கொடுத்து வருகிறேன். ஒப்பிக்கும் பதிலை முதல் வாக்கியத்திலேயே கண்டுபிடித்துவிட முடியும். வேகம் திடீரென்று கூடும், குரலில் ஏற்ற இறக்கம் போய்விடும். அடுத்து எதிர்பாராத ஒரு கேள்வி வந்ததும் ஆங்கிலம் இரண்டு படி கீழே இறங்கிவிடும். அந்த இறக்கம்தான் காட்டிக்கொடுப்பது. தேர்வாளர் இதே கேள்விகளை எத்தனையோ பேரிடம் கேட்டவர். சந்தேகம் வந்தால் நீங்கள் தயார் செய்திருக்க வாய்ப்பில்லாத பக்கம் பேச்சைத் திருப்பிவிடுவார்.

முதலில் மதிப்பெண் எதற்கு என்று பாருங்கள். சரளமும் கோர்வையும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்கும் சமமாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. உங்கள் கருத்து சரியா, அறிவாளித்தனமாக இருக்கிறதா என்பதற்கு எங்கும் மதிப்பெண் கிடையாது. மதிப்பீட்டு விவரம் பொதுவில் வெளியிடப்பட்டிருக்கிறது. அதில் மிக உயர்ந்த மதிப்பெண் நிலையான 9-ஆம் பேண்டுக்கு உரிய சரளம் பற்றி ஒரு வரி உண்டு. அந்த நிலையில் இருப்பவரும் தயங்குவார். ஆனால் என்ன சொல்லலாம் என்று யோசிக்கத் தயங்குவாரே தவிர, சொல்லையும் இலக்கணத்தையும் தேடித் தயங்க மாட்டார். உச்ச மதிப்பெண் வாங்குகிறவருக்கே யோசிக்க அனுமதி இருக்கிறது! அப்படியிருக்க, கேள்வி முடிவதற்குள் பதிலை ஆரம்பிக்க வேண்டும் என்ற பதற்றம் உங்களுக்கு எதற்கு?

இயல்பு எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தேர்வில் மூன்று பகுதிகள் உண்டு. முதல் பகுதியில் "உங்களுக்கு மழை பிடிக்குமா?" என்று கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தயார் செய்த பதில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: மழை இயற்கையின் கொடை, அது மனதுக்கு அமைதி தருகிறது, விவசாயத்துக்கு உதவுகிறது. இது யாருடைய பதிலும் இல்லை. உண்மையான பதில் இப்படி இருக்கலாம்: "பிடிக்கும், ஆனால் நான் வீட்டுக்குள் இருந்தால் மட்டும். வேலைக்குப் போகும் வழியில் பிடித்துக்கொண்டால் ஷூ நனைந்து நாள் முழுக்க எரிச்சலாக இருக்கும்." இதை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். கடினமான சொல் ஒன்றுகூட வேண்டாம். ஆனால் 'பட் ஒன்லி வென்' வந்துவிட்டது, 'இஃப்' வந்துவிட்டது, காரணமும் விளைவும் வந்துவிட்டன. கூட்டு வாக்கியம் பேச வேண்டும் என்று முயற்சி செய்யாமலேயே அது அமைந்துவிட்டது. சொல்ல வேண்டிய விஷயத்தில் ஒரு நிபந்தனை இருந்தால் மொழியிலும் நிபந்தனை தானாக வரும். இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்: குறிப்பான விஷயத்தைச் சொல்லத் தொடங்கியதும் இலக்கணம் மேலே போகிறது, பொதுப்படையாகப் பேசத் தொடங்கியதும் கீழே வருகிறது.

அதனால் முதல் பகுதிக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள், அப்புறம் உங்களுக்கு மட்டுமே பொருந்தும் ஒரு விவரத்தைச் சேருங்கள். இரண்டு மூன்று வாக்கியம் போதும். இந்தப் பகுதி மொத்தமே 4 முதல் 5 நிமிடம்தான். "எனக்குப் பிடிக்காது" என்பதும் பதில்தான். "இதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை, ஆனால்..." என்று ஆரம்பித்து, அங்கேயே யோசித்துச் சொல்வதும் நல்ல பதில்.

உண்மையைத்தான் சொல்ல வேண்டும் என்று விதி இல்லை, யாரும் சரிபார்க்கப் போவதில்லை. ஆனாலும் உண்மையைச் சொல்வது எளிது. நடந்த விஷயத்துக்கு விவரங்கள் நினைவில் தயாராக இருக்கின்றன, மொழியில் மட்டும் கவனம் வைத்தால் போதும். கற்பனை செய்தால் கதையையும் கட்ட வேண்டும், ஆங்கிலத்தையும் கட்ட வேண்டும்.

இரண்டாம் பகுதியில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். பேச வேண்டிய தலைப்பும் சில குறிப்புகளும் உள்ள ஒரு கார்டு கொடுப்பார்கள், தயாராக 1 நிமிடம், பிறகு 1 முதல் 2 நிமிடம் பேச வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் முழு வாக்கியங்களை எழுதாதீர்கள். எழுதினால் வாசிக்கத்தான் தோன்றும், பாதியில் நேரமும் முடிந்துவிடும். பெயர், இடம், ஒரு பொருள், ஒரு உணர்வு என்று ஐந்தாறு சொற்கள் போதும். கார்டில் இருக்கும் குறிப்புகள் உதவிக்குத்தான். அவற்றை வரிசையாக ஒவ்வொன்றாக முடித்தால் நாற்பது நொடியில் பேச்சு தீர்ந்துவிடும். நடந்த சம்பவம் என்றால் அதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்பதிலிருந்து தொடங்குங்கள். அப்போது இறந்தகாலத்தின் பல வடிவங்கள் தேவைக்கேற்ப வந்து சேரும். கார்டு கேட்பது போல் உங்கள் வாழ்க்கையில் எதுவுமே நடக்கவில்லையா? பக்கத்தில் இருக்கும் ஒன்றை எடுத்து, "சரியாக இது இல்லை, ஆனால் இதற்கு நெருக்கமான ஒன்று" என்று சொல்லியே தொடங்கலாம். 2 நிமிடம் ஆனதும் தேர்வாளர் பேச்சை நிறுத்துவார். அது நேரக் கட்டுப்பாடு மட்டுமே, நீங்கள் ஏதோ தவறாகச் சொல்லிவிட்டீர்கள் என்று பொருளில்லை.

அவர் முகத்தைப் பார்த்துப் பயப்படுவதும் இப்படித்தான். முதல் பகுதிக் கேள்விகளை அவர் கையில் உள்ள எழுத்து வடிவத்திலிருந்து கேட்கிறார். "நன்றாகச் சொன்னீர்கள்" என்று பாராட்ட மாட்டார், சிரிக்காமலும் இருக்கலாம். எல்லோருக்கும் தேர்வு ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. அந்த முகத்தில் மதிப்பெண்ணைத் தேடாதீர்கள்.

மூன்றாம் பகுதியில் கேள்வி உங்களைப் பற்றி இருக்காது, பொதுவாக மக்களைப் பற்றி, சமூகத்தைப் பற்றி இருக்கும். இங்கே சட்டென்று பதில் வராதது இயல்புதான், தாய்மொழியில் கேட்டாலும் வராது. இரண்டு நொடி யோசியுங்கள். வாய் சும்மா இருக்கக் கூடாது என்று நினைத்தால் 'லெட் மீ திங்க்' போதும். 'தட்ஸ் எ வெரி இன்ட்ரஸ்டிங் கொஸ்டின்' என்று ஒவ்வொரு கேள்விக்கும் சொல்பவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். பத்தாவது முறை சொல்லும்போது அது யோசிக்க எடுத்துக்கொண்ட நேரமாகத் தெரியாது, மனப்பாடமாகத் தெரியும். கேள்வி புரியவில்லை என்றால் வேறு விதமாகக் கேட்கச் சொல்லுங்கள், இந்தப் பகுதியில் அவரால் கேள்வியை மாற்றிக் கேட்க முடியும். புரியாமல் குத்துமதிப்பாகப் பேசுவதைவிட அது எவ்வளவோ மேல்.

பட்டியல் போட்டுப் படித்த மரபுத்தொடர்களைப் பற்றியும் எனக்குக் கண்டிப்பான கருத்து உண்டு. எளிய சொற்களுக்கு நடுவில் ஓர் அலங்காரத் தொடரைச் செருகினால் அது தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். நீங்கள் வேறு எங்கும் பயன்படுத்தாத தொடரைத் தேர்வு அறைக்குக் கொண்டுபோகாதீர்கள். அதற்குப் பதிலாக 'ஐ ஆம்' என்பதை 'ஐம்' என்றும், 'டூ நாட்' என்பதை 'டோன்ட்' என்றும் சுருக்கிப் பேசப் பழகுங்கள். எழுத்து ஆங்கிலம் பேச்சு ஆங்கிலமாக மாறுவது இதில்தான் தொடங்குகிறது. வெளிநாட்டு உச்சரிப்பைப் போலச் செய்யவும் வேண்டாம். உங்கள் பேச்சு எளிதாகப் புரிய வேண்டும், முக்கியமான சொல்லில் அழுத்தம் விழ வேண்டும், அவ்வளவுதான்.

பயிற்சிக்கு நான் அதிகம் நம்புவது 4/3/2 முறை. மொழி கற்பித்தலில் பெயர்பெற்ற பேராசிரியர் பால் நேஷன் 1980களில் இதைப் பற்றி எழுதினார். ஒரே விஷயத்தை முதலில் ஒருவரிடம் 4 நிமிடம் சொல்ல வேண்டும், பிறகு வேறொருவரிடம் 3 நிமிடத்தில், அப்புறம் மூன்றாமவரிடம் 2 நிமிடத்தில். எழுதி வைக்கக் கூடாது. விஷயம் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் ஒவ்வொரு முறையும் தயக்கம் குறைந்து வேகம் கூடும். கேட்க ஆள் இல்லையென்றால் ஃபோனில் பதிவு செய்யுங்கள், பலன் சற்றுக் குறைவுதான், ஆனாலும் உதவும். பதிவைக் கேட்கும்போது பிழைகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். எங்கே நின்றீர்கள், ஏன் நின்றீர்கள் என்று மட்டும் கவனியுங்கள். ஒரு சொல் கிடைக்காமல் நின்றிருந்தால் அந்தச் சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள், அல்லது அதைச் சுற்றிவளைத்துச் சொல்லிப் பழகுங்கள். யோசிப்பதற்காக நின்றிருந்தால் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே சொன்ன வாக்கியங்களே அப்படியே வரத் தொடங்கினால் அந்தக் கேள்வியை விட்டு வேறு கேள்விக்குப் போங்கள், இல்லாவிட்டால் அதுவும் மனப்பாடமாகிவிடும்.

தேர்வு நாளில் அறைக்குள் போவதற்கு முன் யாருடனாவது சற்று நேரம் ஆங்கிலத்தில் பேசிவிட்டுப் போங்கள். யாரும் இல்லையென்றால் தனியாகவாவது பேசுங்கள். மொத்தத் தேர்வே 11 முதல் 14 நிமிடம்தான், நாக்கு பழகுவதற்குள் முதல் பகுதி முடிந்துவிடும். உள்ளே போனதும் முதலில் முழுப் பெயர் கேட்டு அடையாளச் சான்றைப் பார்ப்பார்கள். அங்கே பெயரை மட்டும் சொல்லுங்கள், சுய அறிமுக உரை எதுவும் வேண்டாம்.