செக்குபந்தி போட்ட விடுதலை

அன்புள்ள ஐயா,

வணக்கம். கல்லூரியில் படிக்கும் என் மகளோடு போன வாரம் ஒரு வாக்குவாதம். அமெரிக்க ஜனாதிபதி லிங்கன் 1863-இல் பிரகடனம் போட்டு அடிமைகளை விடுதலை செய்தார் என்றுதான் நான் பள்ளியில் படித்தேன். அவள் சொல்கிறாள்: “அப்பா, அந்தப் பிரகடனம் தனி நாடு என்று பிரிந்துபோய் உள்நாட்டுப் போரில் இறங்கிய, லிங்கனின் பேச்சு எடுபடாத தென் மாநிலங்களுக்கு மட்டும்தான். அவர் கையில் இருந்த இடங்களில் ஓர் அடிமையைக்கூட அது தொடவில்லை. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை.” ஓர் அடிமையைக்கூட விடுவிக்காமல் நாட்டைக் காப்பாற்ற முடியுமென்றால் அப்படியே செய்வேன் என்று லிங்கன் எழுதிய கடிதத்தையும் காட்டினாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் படித்தது பொய்யா?

கே., தஞ்சாவூர்

அன்புள்ள கே.,

உங்கள் மகள் சொன்னதில் ஓரிடம் தவிர மற்றதெல்லாம் சரி. அந்த ஓரிடத்துக்குப் பிறகு வருகிறேன்.

பிரகடனத்தை வாசித்தால் எனக்கு நம் ஊர்க் கிரயப் பத்திரம்தான் ஞாபகம் வரும். வடக்கே இன்னார் நிலம், தெற்கே வாய்க்கால் என்று செக்குபந்தி போடுவோமே, அந்த மாதிரி. லூசியானா, ஆனால் நியூ ஆர்லியன்ஸ் உட்பட 13 வட்டாரங்கள் நீங்கலாக. வர்ஜீனியா, ஆனால் மேற்கு வர்ஜீனியா என்று பிரிந்துகொண்டிருந்த 48 கவுன்டிகளும் நார்ஃபோக் பக்கத்துச் சில கவுன்டிகளும் நீங்கலாக. டென்னசி பெயரே இல்லை. போரில் லிங்கன் பக்கம் நின்ற நான்கு அடிமை மாநிலங்களான டெலவேர், மேரிலாண்ட், கென்டக்கி, மிசௌரி பற்றிப் பேச்சே இல்லை. சரக்கு ரசீதில் எவ்வளவு மேன்மை இருக்குமோ அவ்வளவுதான் இதிலும் இருக்கிறது என்று ஹாஃப்ஸ்டாடர் என்ற வரலாற்றாசிரியர் நக்கலடித்தார். கார்ல் மார்க்ஸ் இந்த வறட்சியை அப்போதே கவனித்தவர். ஒரு வக்கீல் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அனுப்பும் நோட்டீஸ் போலத்தான் லிங்கனின் ஆணைகள் இருக்கின்றன என்று 1862 அக்டோபரில் ஒரு வியன்னா பத்திரிகையில் எழுதினார். ஆனால் அவை வரலாற்று ஆவணங்களாக நிற்கும் என்றும் அதே மூச்சில் சொன்னார். நான் மார்க்ஸ் பக்கம்.

லிங்கன் வக்கீல். ஒரு மாநிலத்துக்குள் இருக்கும் அடிமை முறையைத் தொட அமெரிக்க அரசியல் சாசனம் ஜனாதிபதிக்கு அதிகாரம் தரவில்லை. அடிமை என்றால் சட்டத்தின் கண்ணில் சொத்து. கறுப்பர் அமெரிக்கக் குடிமகனாகவே முடியாது என்று 1857-இல் தீர்ப்பு எழுதிய ராஜர் டானிதான் அப்போதும் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி. வழக்கு என்று போனால் அவர் முன்னால்தான் போய் நிற்க வேண்டும். ஆனால் போர்க்காலத்தில் படைத் தலைவர் என்ற முறையில் எதிரியின் பலத்தைப் பறிக்க ஜனாதிபதிக்கு வழி இருந்தது. அதனால்தான் எதிரி நிலம் மட்டும். நீதியான செயல் என்ற சொல்கூடக் கடைசிப் பத்தியில்தான் வருகிறது. அதுவும் நிதியமைச்சர் சேஸ் சொல்லிச் சேர்த்தது. லிங்கன் தன் பங்குக்கு ‘இராணுவத் தேவையின் பேரில்’ என்று அதன் பக்கத்திலேயே ஒட்டிவிட்டார்.

ஆக, கடைத்தேங்காய்தான். ஆனால் கடைக்காரன் துப்பாக்கியோடு எதிரே நிற்கிறான். தெற்கில் வயலில் விளைவித்ததும் பதுங்குகுழி வெட்டியதும் அடிமைகள். அவர்கள் உழைத்ததால்தான் வெள்ளையர்கள் போர்முனைக்குப் போக முடிந்தது. அந்தத் தேங்காயை உடைப்பதுதான் நோக்கமே.

இந்த யோசனை லிங்கன் மண்டையில் உதித்தது என்றும் நினைக்க வேண்டாம். 1861 மே 23 அன்று, அமெரிக்காவிலிருந்து பிரிவதற்கு ஆதரவாக வர்ஜீனியா ஓட்டுப் போட்டது. அன்றிரவே ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூன்று அடிமைகள் படகு வலித்துக்கொண்டு வடக்குப் படையின் கையிலிருந்த மன்ரோ கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். எதிரே தெற்குப் படைக்குப் பீரங்கி மேடை கட்டும் வேலையில் அவர்களைப் போட்டிருந்தார்கள். மறுநாளே வெள்ளைக் கொடியோடு ஓர் அதிகாரி வந்து, ஓடிப்போன அடிமைகளைத் திருப்பித் தருவது உங்கள் சட்டம், கொடுங்கள் என்றார். கோட்டைத் தளபதி பட்லரும் வக்கீல்தான். நீங்கள்தான் தனி நாடு என்கிறீர்களே, அந்நிய நாட்டுக்கு எங்கள் சட்டம் எப்படிப் பொருந்தும் என்று கேட்டார். அப்புறம், இவர்கள் எதிரியின் போர்ச் சரக்கு, பறிமுதல் செய்கிறேன் என்று வைத்துக்கொண்டார். மனிதனைச் சொத்து என்று சொன்ன சட்டத்தை அப்படியே எடுத்து எஜமானர் மேலேயே திருப்பினார். எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். கொஞ்சம் அருவருப்பாகவும் இருக்கும்.

ஜூலை முடிவதற்குள் அங்கே 900 பேர் வந்து சேர்ந்துவிட்டார்கள். 1619-இல் ஆங்கிலேயரின் வர்ஜீனியாவுக்கு முதல் ஆப்பிரிக்க அடிமைகளைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கியது அந்தக் கோட்டை நிற்கும் அதே முனையில்தான். இப்படி ஓடி வந்தவர்களை என்ன செய்வது என்று தெரியாமல்தான் நாடாளுமன்றம் 1861-இலும் 1862-இலும் பறிமுதல் சட்டங்கள் போட்டது. பிரகடனம் அவற்றுக்குப் பின்னால் வந்தது.

சரி, அந்தக் கடிதம். பத்திரிகை ஆசிரியர் கிரீலிக்கு லிங்கன் அதை எழுதியது 1862 ஆகஸ்ட் 22. பிரகடனத்தின் வரைவை அமைச்சர்களுக்கு அவர் படித்துக் காட்டியது ஜூலை 22. சரியாக ஒரு மாதம் முன்பு! தோற்றுக்கொண்டிருக்கும்போது வெளியிட்டால் புலம்பல் போலிருக்கும், ஒரு வெற்றி வரட்டும் என்று வெளியுறவு அமைச்சர் செவார்ட் சொன்னதால் வரைவு மேசைக்குள் தூங்கியது. செப்டம்பர் 17 அன்று ஆன்டீட்டம் போர் நடந்தது. முழு வெற்றி என்று சொல்ல முடியாது, ஆனால் தெற்குப் படை பின்வாங்கியது. 22-ஆம் தேதி முன்னறிவிப்பு வந்துவிட்டது. எந்தப் பக்கமும் உடைந்து போய்விடக்கூடாது என்று ஊரை ஆழம் பார்க்க எழுதிய கடிதம் அது. அரசியல்வாதியின் கடிதத்தை வாக்குமூலமாகப் படிக்கக்கூடாது என்பது என் கட்சி.

இப்போது உங்கள் மகள் தவறிய அந்த ஓரிடம். தெற்குக் கரோலினாவின் கடலோரத் தீவுகள் 1861 நவம்பரிலிருந்தே வடக்குப் படையின் கையில். பிரகடனத்தின் விலக்குப் பட்டியலில் அவை இல்லை. அதனால் 1863 ஜனவரி 1 அன்றே அங்கிருந்த ஆயிரக்கணக்கானவர்கள் சட்டப்படி விடுதலை. போஃபர்ட் அருகே சாக்ஸ்டன் முகாமில் ஓக் மரத்தடியில் கூட்டம். முன்பே தன் அடிமைகளை விடுவித்திருந்த பிரிஸ்பேன் என்ற அந்த மாநிலத்துக்காரர் பிரகடனத்தைப் படித்தார். கறுப்பர் படைப்பிரிவின் கர்னல் ஹிக்கின்சன் கையில் கொடியைக் கொடுத்தார்கள். அவர் வாய் திறப்பதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு கிழவரின் உடைந்த குரல், ‘என் நாடே’ என்று தொடங்கும் பாட்டைப் பாட ஆரம்பித்தது. நிகழ்ச்சி நிரலில் இல்லாத பாட்டு. இரண்டு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள், பிறகு மற்றவர்களும். மேடையிலிருந்த வெள்ளையர்கள் கூடச் சேரப் பார்த்தபோது ஹிக்கின்சன் கையமர்த்தினார். நாட்குறிப்பில் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

அந்தப் படைப்பிரிவு முக்கியம். விடுதலையானவர்களைப் படையில் சேர்க்கலாம் என்று பிரகடனத்திலேயே ஒரு வரி இருக்கிறது. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 1,80,000 கறுப்பர்கள் தரைப்படையில் சேர்ந்தார்கள். சம்பளத்தில் ஓரவஞ்சனைதான். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர், இவர்களுக்கு 10, அதிலும் உடுப்புக்கு 3 பிடித்தம். 1864-இல்தான் சரிசெய்தார்கள். ஆனால் அன்றுமுதல் வடக்குப் படை எந்த ஊருக்குள் நுழைந்தாலும் அந்தக் காகிதமும் கூடவே நுழைந்தது. டெக்சாஸின் கால்வெஸ்டனுக்குப் போய்ச் சேர 1865 ஜூன் 19 ஆயிற்று. கென்டக்கியும் டெலவேரும் அதற்கும் பிறகு, அந்த டிசம்பரில் நாடு முழுக்க அடிமை முறையை ஒழித்த 13-ஆவது சட்டத்திருத்தம் நிறைவேறியதும்தான்.

லிங்கனைச் சாமியாக்கவும் எனக்கு விருப்பமில்லை. வரைவு மேசைக்குள் இருந்த அதே ஆகஸ்டில் கறுப்பர் குழு ஒன்றை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, நீங்கள் வேறு நாட்டுக்குக் குடிபோவது நல்லது என்று புத்தி சொன்னவர் அவர். உங்கள் மகள் சண்டை போட வேண்டுமென்றால் பிரகடனத்தைவிட நல்ல இடம் ஒன்று இருக்கிறது. 1862 ஏப்ரலில் தலைநகர் வாஷிங்டனில் அடிமை முறையை ஒழித்தபோது அரசாங்கம் இழப்பீடு கொடுத்தது. அடிமை ஒருவருக்கு 300 டாலர் வரை, எஜமானர்களுக்கு. விடுதலையானவர்களுக்கும் தலைக்கு 100 டாலர் வரை தருவதாகச் சொன்னார்கள், நாட்டை விட்டுப் போக ஒப்புக்கொண்டால்.