நர்ஸ் வாங்கித் தரும் குழந்தை

கேள்வி: கல்யாணமாகி ஒன்பது வருஷம். தத்தெடுக்க ஆன்லைனில் பதிந்து மூன்று வருஷமாகக் காத்திருக்கிறோம். தெரிந்த நர்ஸ் ஒருவர், "பெற்றவளே மனசாரக் கொடுக்கும் குழந்தை, செலவை மட்டும் கொடுங்கள், பிறப்புச் சான்றிதழை உங்கள் பெயரிலேயே வாங்கிவிடலாம்" என்கிறார். குழந்தைக்கு நல்ல வீடு கிடைக்கப் போகிறது, இதில் சட்டத்துக்கு எங்கே வலிக்கிறது?
- வாசகர், கொளத்தூர், சென்னை

பதில்: சட்டத்துக்கு ஒன்றும் வலிக்காது சார், வலிக்கப் போவது பிள்ளைக்கு. சான்றிதழில் உங்கள் பெயர் ஏறுகிற நிமிஷமே அது யார் பெற்ற பிள்ளை என்பது காகிதத்திலிருந்து அழிந்துவிடும். பதினெட்டு வயசில் "என்னைப் பெற்றது யார்" என்று கேட்டால் காட்ட ஒரு துண்டுச் சீட்டு இருக்காது. நடுவில் நர்ஸ் மாட்டினாரோ, உங்களை அப்பா என்று கூப்பிடப் பழகிய பிள்ளையைக் காப்பகத்தில் கொண்டுபோய் விடுவார்கள். 2019-ல் ராசிபுரத்தில், ஆணுக்கு ஒரு ரேட், பெண்ணுக்கு ஒரு ரேட், நிறத்துக்குத் தனி என்று குழந்தை விற்பனை பேசிய ஆடியோ வெளியானதே, மறந்துவிட்டதா?

அப்புறம் அந்த 'மனசார'. பெற்றவளை நீங்கள் பார்த்தீர்களா? 2015 சிறார் நீதிச் சட்டப்படி, பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழு முன்னால்தான் ஒப்படைக்க வேண்டும், ஒப்படைத்த பிறகும் மனசு மாற இரண்டு மாதம் அவகாசம் உண்டு. பிரசவ வலி ஆறாமல், கையில் காசில்லாமல், ஊர் வாய்க்குப் பயந்து ஒரு பெண் எடுக்கும் முடிவு பத்தாம் நாளும் அப்படியே இருக்கும் என்று என்ன நிச்சயம்? பெற்றவளிடமே வளர அந்தப் பிள்ளைக்கு இருக்கும் கடைசி வாய்ப்பு அந்த இரண்டு மாதம்தான். 'செலவு' என்று கொடுத்து நீங்கள் வாங்கப் பார்ப்பது அதைத்தான்.

1956 இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டப்படி இந்துக்கள் நேரடியாகவே தத்துக் கொடுக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். கொடுக்கலாம், ஆனால் காசு கைமாறக் கூடாது என்று அதன் 17-ம் பிரிவே சொல்கிறது. (எனக்கு அந்தச் சட்டத்தின் மேல் பெரிய மரியாதை கிடையாது. மகன் இருக்கும் வீட்டில் இன்னொரு பையனைத் தத்தெடுக்க முடியாது என்கிற, வாரிசுக் கணக்கு பார்த்து எழுதிய சட்டம் அது.) பிள்ளையை விலைக்கு வாங்கினால் 2015 சட்டத்தில் ஐந்து வருஷம் வரை கடுங்காவல், விற்றவருக்கு மட்டுமல்ல.

காத்திருப்பு கொடுமைதான், மறுக்கவில்லை. கோர்ட்டுக்கு அலைவதாவது 2022-லிருந்து இல்லை, கலெக்டரே தத்து உத்தரவு போடுகிறார். ஆனால் வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் கேட்பது பச்சைக் குழந்தையை. ஏழெட்டு வயசுப் பிள்ளைகளைக் கேட்க ஆள் குறைவு. பதிந்தபோது நீங்கள் எந்த வயசைக் குறித்தீர்கள்?

முன்பணம் ஏதும் கொடுத்தாயிற்றா என்று எழுதவில்லை. கொடுத்திருந்தால் முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள். கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், அந்தக் குழந்தை எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள்.