வாஷரில் தண்ணீர் வரவில்லையா? முதலில் காதைக் கொடுங்கள்

பிக்கப் ஓட்டுபவர்களிடமிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வாஷர் பற்றியவை. எனக்கு இதில் உண்மையிலேயே மகிழ்ச்சி. பிரேக் பிடிக்கவில்லை என்றால் அன்றைக்கே வண்டியைக் கொண்டுவருகிறவர்கள்கூட, கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் வாஷரை மாதக்கணக்கில் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். எம்-சாண்ட் லாரிக்குப் பின்னால் அரை மணி நேரம் போய், சாயங்கால வெயில் எதிரே அடிக்கும்போது எதிரில் வரும் பைக் தெரியாது. அந்த நேரத்தில் வெறும் வைப்பரைப் போட்டால் தூசியைத் தேய்த்துக் கண்ணாடியிலும் கோடு விழும்.

லீவரை இழுத்தால் வைப்பர் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. டேங்க் நிறைந்துதான் இருக்கிறது. மோட்டார் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா?
*காய்கறி லோடு ஓட்டுபவர், ஒட்டன்சத்திரம்*

இப்போதே மாற்றாதீர்கள். இன்ஜினை ஓட விடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஒருவரை உள்ளே உட்காரவைத்து லீவரை இழுக்கச் சொல்லுங்கள். நீங்கள் டேங்க் பக்கம் காதை வையுங்கள். மோட்டார் டேங்கின் அடியில்தான் சொருகியிருக்கும். 'உய்ங்' என்று சத்தம் கேட்டால் கரண்ட் வருகிறது, மோட்டாரும் சுற்றுகிறது. கோளாறு தண்ணீர் போகும் பாதையில். சத்தமே இல்லையென்றால் கோளாறு கரண்ட் பக்கம். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் கழற்றி எறிந்த நல்ல மோட்டார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சத்தம் கேட்கிறதா? அப்படியென்றால் கண்ணாடியில் தண்ணீரைப் பீய்ச்சும் சிறு முனையான நாஸிலில் இருந்து ட்யூபைக் கழற்றிவிட்டு மறுபடி லீவரை இழுக்கச் சொல்லுங்கள். ட்யூபில் தண்ணீர் பீய்ச்சி அடித்தால் நாஸில்தான் அடைத்திருக்கிறது. அங்கே வரவில்லையென்றால் மோட்டாரின் வாயிலேயே ட்யூபைக் கழற்றிப் பாருங்கள். அங்கே வருகிறதென்றால், இடையில் ட்யூப் மடங்கியிருக்கும், அல்லது அறுந்திருக்கும். அங்கேயும் வரவில்லையென்றால், மோட்டார் தண்ணீர் எடுக்கும் இடத்தில் இருக்கும் சிறிய வலை பாசியால் மூடியிருக்கும். மோட்டாரை உருவி, வலையையும் டேங்கையும் கழுவினால் சரியாகிவிடும்.

நாஸில் அடைப்பை மெல்லிய ஊசியால் எடுங்கள். கோணி ஊசி வேண்டாம், துளை பெரிதாகிவிட்டால் தண்ணீர் பீய்ச்சாது, ஒழுகும். அடைப்பை உள்ளே தள்ளாமல், பின்பக்கத்தில் இருந்து காற்றடித்து வெளியேற்றுவது நல்லது. ஆயுத பூசை முடிந்த வாரம் ஒரு வண்டி வந்தது. இரண்டு நாஸிலிலும் சந்தனம் காய்ந்து சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. பூசை போடும்போது பொட்டை நாஸிலுக்குச் சற்றுத் தள்ளி வையுங்கள், போதும்.

சத்தம் இல்லையென்றால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் மோட்டாரின் கப்ளரை, அதாவது ஒயர் வந்து சொருகும் இணைப்பைக் கழற்றி, உள்ளே பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். டேங்கில் கசியும் தண்ணீர் அங்கேதான் இறங்கும். பிறகு டெஸ்ட் லாம்ப்பின் இரண்டு முனைகளையும் கப்ளரில் வைத்து லீவரை இழுக்கச் சொல்லுங்கள். விளக்கு எரிந்தால் மோட்டார் போய்விட்டது, தயங்காமல் மாற்றுங்கள். எரியவில்லையென்றால் மோட்டார் மேல் குற்றமில்லை. எர்த், ஒயர், ஸ்டியரிங்கில் இருக்கும் காம்பினேஷன் ஸ்விட்ச் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டும்.

புது மோட்டார் போட்டேன். சத்தம் நன்றாக வருகிறது, ஆனால் தண்ணீர் கண்ணாடி வரை ஏறவில்லை.
*நாமக்கல் வாசகர்*

ஒயர் மாறியிருக்கும். இந்த மோட்டாருக்கு பிளஸ், மைனஸ் உண்டு. மாற்றிக் கொடுத்தாலும் சுற்றும், ஆனால் உள்ளே இருக்கும் விசிறி தலைகீழாகச் சுற்றுவதால் தண்ணீரைத் தள்ளும் வேகம் குறைந்துவிடும். கப்ளர் பொருந்தாமல் ஒயரை வெட்டி ஒட்டும்போதுதான் இந்தத் தவறு நடக்கும். இரண்டையும் மாற்றி இணைத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டேங்க் காலியாக இருக்கும்போது லீவரை இழுக்காதீர்கள். மோட்டாரின் சீலுக்குத் தண்ணீர்தான் எண்ணெய் மாதிரி. தண்ணீர் இருந்தாலும் ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் இழுக்க வேண்டாம், அது தொடர்ந்து ஓடுவதற்காகச் செய்த மோட்டார் இல்லை.

வாஷர் போட்டால் ஃபியூஸ் போய்விடுகிறது. அவசரத்துக்கு சிகரெட் பாக்கெட்டின் ஜிகினாத் தாளைச் சுற்றிப் போட்டிருக்கிறேன். ஓடுகிறது.
*பெயர் வேண்டாம் என்கிறார்*

தயவுசெய்து இன்றைக்கே அதை எடுத்துவிடுங்கள். ஃபியூஸ் எரிவது ஒயர் எரியாமல் இருப்பதற்காக. ஜிகினாத் தாள் எரியாது, டேஷ்போர்டுக்குள் போகும் ஒயர் கட்டுதான் சூடாகி உருகும். அதில் தீப்பிடித்தால் வண்டியே போய்விடும். பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போடுவதும் இதே தவறுதான். மோட்டாரின் கப்ளரைக் கழற்றிவிட்டு, சரியான ஃபியூஸ் போட்டு லீவரை இழுங்கள். ஃபியூஸ் போகாமல் நின்றால் மோட்டார் உள்ளே இறுகியிருக்கிறது. அப்போதும் போனால் ஒயர் எங்கேயோ உரசி பாடியில் தொடுகிறது.

நாலைந்து முறை இழுத்த பிறகுதான் தண்ணீர் வருகிறது. இறக்கத்தில் போகும்போது தானாகவே சொட்டுகிறது.

ட்யூபின் நடுவில் விரல் நுனி அளவுக்கு ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு இருக்கும். சில வண்டிகளில் அது நாஸிலுக்குள்ளேயே இருக்கும். தண்ணீர் திரும்பி டேங்குக்கு இறங்காமல் பிடித்து வைப்பதும், தானாக ஒழுகாமல் தடுப்பதும் அதன் வேலை. கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். ஒரு பக்கம்தான் காற்று போக வேண்டும். இரண்டு பக்கமும் போனால் மாற்றுங்கள். மாட்டும்போது அதில் இருக்கும் அம்புக்குறி நாஸிலைப் பார்த்து இருக்கட்டும்.

டேங்கில் போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன், கொஞ்சம் ஷாம்பும் சேர்ப்பேன். சரிதானே?
*ஃபர்னிச்சர் கடை டெலிவரி ஓட்டுநர், திருப்பூர்*

இரண்டுமே சரியில்லை. நம் ஊர் போர் தண்ணீரில் உப்பு அதிகம். குடத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் நாஸிலிலும் படியும். பானெட் சூட்டில் நாஸிலுக்குள் நிற்கும் சொட்டுத் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு மட்டும் அங்கேயே தங்கும். ஷாம்பு நுரைத்து, காய்ந்ததும் கண்ணாடியில் படலமாக ஒட்டிக்கொள்ளும். இரவில் எதிர் விளக்கு பட்டால் அந்தப் படலம்தான் கண்ணைக் கூச வைக்கும்.

கடையில் விற்கும் வாஷர் திரவத்தை, டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படி கலந்து ஊற்றுவது நல்லது. கலக்குவதற்கு உப்பில்லாத தண்ணீர் வேண்டும். பலருக்குத் தோன்றாத ஒரு வழி சொல்கிறேன். வீட்டு ஏ.சி.யில் இருந்து வடியும் தண்ணீரைப் பிடித்து, துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவதால் அதில் உப்பு கிட்டத்தட்ட இருக்காது. சுத்தமாகப் பிடித்த மழைத் தண்ணீரும் நல்லது. ஆனால் ஆர்.ஓ. மெஷினில் இருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

வெறும் தண்ணீர் நாள் கணக்கில் கிடந்தால் கிருமியும் வளரும். 2010-ல் பிரிட்டனின் சுகாதாரத் துறை ஆய்வாளர்கள், வாஷர் டேங்கில் திரவம் சேர்க்காமல் வெறும் தண்ணீர் ஊற்றும் பழக்கத்துக்கும், லீஜியோனெல்லா என்ற கிருமியால் வரும் நிமோனியாவுக்கும் தொடர்பு இருப்பதாகச் சொன்னார்கள். பயப்பட வேண்டாம். ஆனால் டேங்கில் பச்சையாகப் பாசி தெரிந்தால், மேலே தண்ணீர் ஊற்றி நிரப்பாமல், முழுவதும் வடித்துக் கழுவிவிட்டு நிரப்புங்கள்.

ஏற்கெனவே உப்பு படிந்த நாஸிலைக் கழற்றி, சமையலுக்கு வாங்கும் வெள்ளை வினிகரில் ஓர் இரவு ஊறப் போட்டு, நல்ல தண்ணீரில் அலசி மாட்டுங்கள்.

ஊட்டியில் இருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் ஏற்றுகிறேன். ஜனவரியில் விடிகாலை கிளம்பினால் வாஷர் வேலை செய்வதில்லை, வெயில் ஏறினால் சரியாகிறது.

தண்ணீர் உறைந்திருக்கிறது. தலைகுந்தா பக்கம் உறைபனி விழும் நாட்களில் நாஸிலில் நிற்கும் தண்ணீர்தான் முதலில் கட்டியாகும். அந்த நேரத்தில் லீவரை இழுத்து இழுத்துப் பார்த்தால் மோட்டாரோ ஃபியூஸோதான் போகும். கண்ணாடியில் வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

டிசம்பர், ஜனவரிக்கு மட்டும் உறையாத வகை வாஷர் திரவம் வாங்குங்கள். கிடைக்காவிட்டால், தண்ணீர் மூன்று பங்குக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு கலக்கலாம். அது எளிதில் தீப்பற்றும், கலக்கும்போது பீடி, அடுப்பு பக்கத்தில் இருக்கக் கூடாது. ரேடியேட்டருக்கு ஊற்றும் கூலன்ட்டை இதில் ஊற்றச் சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். கண்ணாடியில் எண்ணெய்ப் பசை போல் ஒட்டும், அது விஷமும்கூட.

எலி ட்யூபைக் கடித்துவிட்டது. மீன் தொட்டி ட்யூப் போடலாமா?
*அரிசி மண்டி வண்டி, காங்கேயம்*

ஊர் போய்ச் சேரும் வரை போடலாம். இன்ஜின் சூட்டில் சீக்கிரம் விறைத்துப்போய் இணைப்பில் கழன்றுகொள்ளும், வெளிச்சம் உள்ளே போவதால் பாசியும் பிடிக்கும். உள் அளவு பார்த்து கறுப்பு ரப்பர் ட்யூபே வாங்குங்கள்.

தண்ணீர் நன்றாக வருகிறது, ஆனாலும் இரவில் கண்ணாடி மங்குகிறது. மண்ணெண்ணெயில் துடைத்தும் பார்த்தேன்.

மண்ணெண்ணெய், டீசல் எதுவும் கண்ணாடிப் பக்கம் வரக் கூடாது. மங்கலை அதுவே உண்டாக்கும், வைப்பர் ரப்பரையும் கெடுக்கும். பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஒரு சொட்டு விட்டுக் கண்ணாடியை வெளியே நன்றாகக் கழுவி, சோப்பு துளியும் இல்லாமல் அலசுங்கள். வைப்பர் ரப்பரின் விளிம்பை ஈரத்துணியால் கறுப்பு போகும் வரை துடையுங்கள். உள்பக்கத்தையும் மறக்க வேண்டாம். டேஷ்போர்டு சூட்டில் இருந்து எழும் ஆவி அங்கே படியும்.

அதன் பிறகும் மங்கினால் நாஸிலின் குறியைப் பாருங்கள். உருண்டை நாஸிலாக இருந்தால் துளையில் ஊசியை விட்டு மெதுவாகத் திருப்பலாம். வண்டி நிற்கும்போது தண்ணீர், வைப்பர் துடைக்கும் பரப்பின் நடுவுக்குச் சற்று மேலே விழ வேண்டும். ஓடும்போது எதிர்க்காற்று அதைக் கீழே தள்ளிக் கொண்டுவந்து சரியான இடத்தில் போடும்.