தேவனுடைய ஞானத்தைச் சார்ந்து வாழ்வது என்றால் என்ன?

தேவனுடைய ஞானத்தைச் சார்ந்து வாழ்வது என்பது, ஒரு முடிவை எடுக்கும்போது அன்றைய மனநிலையையோ சொந்தச் சாமர்த்தியத்தையோ கடைசி அளவுகோலாக வைக்காமல், வேதம் காட்டும் வழியை ஜெபத்தோடு தேடி நடப்பதாகும். சுயபுத்தியின்மேல் சாயாமல் கர்த்தரில் நம்பிக்கையாயிருக்கும்படி நீதிமொழிகள் 3:5 சொல்வது இதைத்தான்.

காரணம் எளியது. கோபத்தில் நியாயமாகத் தோன்றுவது மறுநாள் காலையில் அப்படித் தோன்றுவதில்லை; நம் அறிவோ நாம் கண்ட அளவுக்குத்தான் எட்டும்.

காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டுச் சுவரை எடுத்துக் கட்டும் கொத்தனாரைக் கவனித்துப் பாருங்கள். பல ஆண்டு பழகிய கண் அவருக்கு. ஆனாலும் கண்ணை மட்டும் நம்பிச் செங்கல் வைக்காமல் சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்க நூலில் கட்டிய தூக்குக்குண்டைத் தொங்கவிடுவார். கண்ணுக்கு நேராகத் தெரிந்த சுவர், நூலோடு ஒப்பிடும்போது மேலே ஒரு விரற்கடை வெளியே தள்ளியிருக்கும். குண்டு ஆடிக்கொண்டிருக்கும்போது அவர் அளவு பார்ப்பதில்லை என்பதையும், அது அசையாமல் நிற்கும்வரை நூலைப் பிடித்தபடி காத்திருக்கிறார் என்பதையும் கவனியுங்கள். நிலத்தை விற்பது, திருமணம் பேசுவது, பங்காளியோடு உறவை முறிப்பது போன்றவற்றில் ஜெபித்துப் பொறுத்திருப்பது எனக்கு அந்தக் காத்திருப்பாகவே படுகிறது. நம்மில் பலர் தவறுவதும் அங்கேதான். ஞானம் குறைவுள்ளவன் கேட்டால் தேவன் கடிந்துகொள்ளாமல் கொடுப்பார் என்று யாக்கோபு 1:5 உறுதியளிப்பதால், தயங்காமல் கேட்கலாம்.

உணர்ச்சிகளை அடக்கிவிட வேண்டும், யோசிப்பதையும் மருத்துவரிடமோ பெரியவர்களிடமோ கேட்பதையும் நிறுத்திவிட வேண்டும் என்று பலர் இதைத் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் தம் நண்பன் லாசருவின் மரணத்தில் இயேசுவே கண்ணீர் விட்டார், ஆலோசனைக்காரர் அநேகர் இருந்தால் எண்ணங்கள் உறுதிப்படும் என்று அதே நீதிமொழிகள் 15:22-இல் கூறுகிறது.