சாட்டோவைப் பார்க்கையில் என்னையே பார்க்கிறேன்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

பொறியியல் படிப்பில் அரியர்களை எழுதி முடிக்காமல் வீட்டுக்கு வந்து ஓராண்டுக்கு மேலாகிறது. ‘இப்போது என்ன செய்கிறாய்?’ என்று யாரேனும் கேட்டுவிடுவார்களோ என அஞ்சி அறையைவிட்டு வெளியே வருவதில்லை. சாப்பாட்டை அம்மா கதவருகே வைத்துவிட்டுப் போகிறார். இந்நிலையில்தான் 2006இல் வெளிவந்த ‘வெல்கம் டு தி என்.எச்.கே.’ என்ற ஜப்பானிய அனிமே தொடரைப் பார்த்தேன். கல்லூரியைப் பாதியில் விட்டு, ஏறக்குறைய நான்கு ஆண்டுகளாக அறைக்குள் அடைந்து கிடக்கும் 22 வயது சாட்டோ, வேலையும் காதலியும் இருப்பதாகத் தன் தாயிடம் பொய் சொல்கிறான். சாகச நாயகர்களைப் பார்க்கும்போது வரும் தாழ்வுணர்ச்சி இவனிடம் வருவதில்லை. அதனால் தொடர் முடிந்ததும் மீண்டும் முதலிலிருந்து பார்க்கிறேன். இத்தகைய கதைகள் என்னை மேலும் முடக்கிவிடும் என்கிறார் அண்ணன். நான் நிறுத்திவிட வேண்டுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள தம்பி,

நிறுத்த வேண்டியதில்லை. அந்தக் கதையை நாவலாக முதலில் எழுதிய டட்சுஹிகோ டகிமோட்டோ, தாமும் அவ்வாறு ஒதுங்கி வாழ்ந்தவர் என்று வெளிப்படையாகச் சொன்னவர். சாட்டோவின் வெட்கம் உங்களைத் தொடுவதில் வியப்பில்லை. ஆறு மாதங்களுக்கு மேல் படிப்பு, வேலை, உறவுகளிலிருந்து விலகி வீட்டுக்குள் முடங்குவதை ஜப்பானில் ஹிகிகொமோரி என்கிறார்கள். 15 முதல் 64 வயது வரையிலானவர்களில் சுமார் 14.6 லட்சம் பேர் அந்நிலையில் இருப்பதாக 2023இல் வெளியான அந்நாட்டு அரசின் மதிப்பீடு கூறியது. இதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் தொடரில் ஒன்றைக் கவனியுங்கள். சாட்டோ தன்னைப் பற்றி ஓயாமல் சிந்திக்கிறான், தன் குறைகளையும் அறிந்திருக்கிறான். அந்த அறிவு அவனை வெளியே கொண்டுவருவதில்லை. அவனை மீட்க இரவுப் பூங்காவில் மிசாகி என்ற இளம்பெண் நடத்தும் பாடங்களும் அதைச் சாதிப்பதில்லை. வீட்டிலிருந்து வந்த பணம் நின்று பசி வாட்டும்போதுதான் பகுதிநேர வேலைக்குப் போகிறான். உங்களைப் பட்டினி போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வலுக்கட்டாயமாக வெளியே இழுப்பது பெரும்பாலும் அச்சத்தைக் கூட்டவே செய்யும். தன்னம்பிக்கை வந்த பிறகு அவன் நகரவில்லை, நகர்ந்த பிறகே சற்று மாறினான் என்பதைத்தான் சுட்டுகிறேன். உறவினர் வரும்போது கதவை மூடினால் உடனே கிடைக்கும் நிம்மதியே அடுத்த முறை கதவைத் திறப்பதை இன்னும் கடினமாக்குகிறது. தொடரை மறுபடி தொடங்குவதும் அந்த நிம்மதிக்காகத்தானா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

இன்று ஒரு வேளை உணவை அம்மாவுடன் அமர்ந்து உண்ணுங்கள். படிப்பைப் பற்றிப் பேச வேண்டாம், உண்டால் போதும். அது பழகிய பின் அண்ணனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள், ஏனெனில் நீண்ட முடக்கத்தின் பின்னால் மனச்சோர்வு இருக்கக்கூடும். தொடரின் பிற்பகுதியில் தற்கொலை எண்ணங்கள் வருகின்றன. அவை உங்களுக்கும் எழுந்தால் காத்திருக்காமல் வீட்டில் சொல்லுங்கள், 24 மணி நேரமும் இயங்கும் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416இல் தமிழிலேயே பேசலாம்.

அண்ணனையும் அருகில் அமர்த்தி, சாட்டோவின் தாய் அவனைப் பார்க்க வரும் பகுதியைக் காட்டுங்கள். எத்தனை அரியர் தாள்கள் மீதம் உள்ளன என்று அண்ணனிடம் சொல்ல அதுவே வழி திறக்கலாம்.