தீவன மூட்டையில் பூசணம்

கேள்வி: செபராங் பிறையில் சின்னப் பன்றிப் பண்ணை வைத்திருக்கிறேன். மூட்டைக்கு 9 வெள்ளி (ரிங்கிட்) குறைவு என்று புது இடத்தில் 30 மூட்டை தீவனம் வாங்கினேன். சில நாளில் பன்றிகள் தீவனத்தை ஒதுக்கின. சில வாந்தி எடுத்தன. அப்புறம் இருமல். எல்லாம் தடுப்பூசி போட்டவை. மருந்து கொடுத்தால் குறைகிறது, மறுபடி வருகிறது. கடைக்காரரோ, ‘மூட்டையில் பூசணமே இல்லை, உங்கள் கொட்டகைதான் அசுத்தம்’ என்கிறார்.

பதில்: கொட்டகையைப் பழிப்பது சுலபம். முதலில் கால்நடை மருத்துவரை வரவழையுங்கள். பன்றிக் காய்ச்சலும் இப்படித் தொடங்கலாம். தீவனம் மாற்றிய தேதியை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பூசணம் தெரியவில்லை என்பதால் நஞ்சு இல்லை என்று ஆகாது. சோளத்தை வயலிலேயே பூஞ்சை பிடித்துவிடும். அரைத்து மூட்டை கட்டும்போது பூஞ்சை செத்திருக்கலாம், அது விட்ட நஞ்சு அப்படியே இருக்கும். தீவனத்தை ஒதுக்குவதும் வாந்தியும் டிஆக்ஸிநிவலெனால் என்ற நஞ்சுக்குப் பொருந்துகின்றன. ஐரோப்பிய வழிகாட்டுதல்படி பன்றித் தீவனத்தில் அது கிலோவுக்கு 0.9 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இந்த நஞ்சு குடலின் உட்சுவரைப் பழுதாக்கும், எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும். தடுப்பூசியும் சரியாக வேலை செய்யாமல் போகலாம். வெளியே நிற்க வேண்டிய நோய்க்கு உள்ளே இடம் கிடைத்துவிடும். நீங்கள் இருமலுக்கு மருந்து கொடுக்கிறீர்கள், தொட்டியில் அதே தீவனத்தைக் கொட்டுகிறீர்கள். இளம் பெட்டைகளின் பிறப்புறுப்பு வீங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள். அது ஜியரலெனோன் என்ற வேறொரு நஞ்சின் வேலையாக இருக்கலாம்.

மீதி மூட்டைகளைத் தூக்கி எறியாதீர்கள், திருப்பியும் கொடுக்காதீர்கள். அவைதான் உங்கள் சாட்சி. நஞ்சு மூட்டை முழுதும் ஒரே சீராக இருக்காது, திட்டுத்திட்டாக இருக்கும். பல மூட்டைகளில், பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலந்து சோதனைக்குக் கொடுங்கள். தீவனத்துக்கென்றே மலேசியாவில் 2009 ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. புகாரை கால்நடைச் சேவைத் துறையிடம் கொடுங்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றம் உங்களுக்குச் சரிவராது, தொழிலுக்காக வாங்கியது அதன் வரம்பில் வராது. 5,000 ரிங்கிட் வரையான கோரிக்கை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே போடலாம்.

அதற்கு ரசீது வேண்டும். நீங்கள் ரசீதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. தயாரித்தவர் பெயர், தேதி, தொகுப்பு எண் ஏதுமில்லாத வெற்றுச் சாக்கில் வேறு மூட்டையைப் பிரித்துக் கொட்டி விற்கிறார்கள். நாமும் விலையைப் பார்த்து வாங்குகிறோம். நானும் வாங்கியிருக்கிறேன். ஆயர் ஈத்தாமில் ஆறு கோழிகள் வளர்த்தபோது அப்படி ஒரு சாக்கு. அடியில் கட்டி கட்டியாக இருந்தது, புளித்த வாடை வேறு. உதிர்த்துப் போட்டேன். முட்டை நின்றது, ஒரு கோழி போய்ச் சேர்ந்தது. கடைக்காரரிடம் போனால், ‘இது எங்கள் கடைச் சாக்கா?’ என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. 9 வெள்ளி மிச்சம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தச் சாக்குதான் ஞாபகம் வரும்.

கேள்வி: பூசணம் பிடித்த தீவனத்தை வெயிலில் காயவைத்தோ அவித்தோ கொடுக்கலாமா? (கோலாலம்பூர்)

பதில்: கூடாது. ஈரம் போகும், நஞ்சு போகாது.

கேள்வி: ‘எல்லா நஞ்சையும் உறிஞ்சும்’ என்று ஒரு பொடி விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: பெண்டனைட் போன்ற களிமண், கடலையிலும் சோளத்திலும் பிடிக்கும் பூஞ்சை விடுகிற அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை நன்றாகப் பிடிக்கும். டிஆக்ஸிநிவலெனாலிடம் பெரும்பாலும் தோற்றுவிடும். எந்த நஞ்சு என்றே தெரியாமல் பொடி வாங்குவது, கண் வலிக்குக் கால் தைலம் வாங்குவது மாதிரி.

கேள்வி: கடலைப் புண்ணாக்கில் லேசாகப் பச்சைப் பூசணம். மாடு செரித்துவிடும்தானே? பால் வாடிக்கை இருக்கிறது. (பட்டர்வொர்த்)

பதில்: செரிக்காது. அஃப்ளாடாக்சினில் ஒரு பங்கு உருமாறிப் பாலில் இறங்கும், கொதித்தாலும் போகாது. 1988 இல் பேராக்கில் இந்த நஞ்சு கலந்த நூடல்ஸ் சாப்பிட்டு 13 பிள்ளைகள் இறந்தார்கள். பால் வாடிக்கை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அந்தப் பால் குடிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எழுதவில்லை. புண்ணாக்கைக் கொட்டிவிடுங்கள்.